முன்வரிசை நடு நாற்காலி

இது நள்ளிரவுக் கதை இல்லை. மதியம் மூன்று மணிக்கு நடந்தது. அதனாலேயே பலர் நம்ப மறுக்கிறார்கள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது எனக்கு. என் வலது கைக்கு.

என் பெயர் யோகப்பிரியா. ஊர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி. ஒன்பது வயதிலிருந்து வயலின் வாசிக்கிறேன். வீட்டில் வாசித்தால் ஒரு பிசிறு வராது. மேடை ஏறினால் வில் பிடித்த கை நடுங்கும். இரண்டு வருடத்துக்கு முன் சித்தூரில் ஒரு விழாவில், ஆலாபனையின் நடுவே வில் தந்தி மேல் துள்ள ஆரம்பித்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அதன்பிறகு ஏறிய மூன்று மேடைகளிலும் அதேதான். போன வருடம் ஆகஸ்டில் பாலக்காட்டில் ஒரு போட்டி. வயது வரம்பு இருபத்தைந்து. எனக்கு அப்போது இருபத்தைந்து. அதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

கோயம்புத்தூரில் ஒரு ஆலோசகரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒரு பயிற்சி சொன்னார். எதிரே காலி நாற்காலிகளைப் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் என்னைப் பிடிக்காத ஒருவரை மனதுக்குள் உட்கார வைக்க வேண்டும். அவர்கள் முறைக்க முறைக்க, நிறுத்தாமல் வாசித்து முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அதற்கு இடமில்லை. கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மோனிஷா கூப்பிட்டாள். மலைமேல் சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் அவள் வீடு. அந்தத் தோட்டத்தில் யாரும் போகாத பழைய கிளப் ஹால் ஒன்று இருந்தது. அவள் அப்பா பாண்டி அங்கே வாட்ச்சர். சாவியைத் தந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

ஹாலின் ஒரு முனையில் அரை அடி உயர மேடை. மறுமுனையில் கதவு. பக்கச் சுவரில் கம்பி போட்ட ஜன்னல்கள். மூலையில் கிடந்த மர நாற்காலிகளில் பத்தை எடுத்து, ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை போட்டேன்.

முதல் நாள் கை நடுங்கியது. ஆனாலும் முடித்தேன்.

இரண்டாம் நாள் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. முடித்து நிமிர்ந்தபோது, முன்வரிசையின் நடு நாற்காலி மட்டும் ஒரு சாண் முன்னால் இருந்தது. நான்தான் கோணலாகப் போட்டிருப்பேன் என்று தள்ளி வைத்தேன்.

மூன்றாம் நாள். ஜூலை 24, வியாழக்கிழமை. மணி 3:05. ஜன்னல் வழியாக மஞ்சுப் பனி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார வைத்தேன். சிரித்தவர், திட்டிய டீச்சர், பேசாமல் போன தோழி... ஒன்பது பேர் ஆயிற்று. பத்தாவதாக எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை. நடு நாற்காலி காலியாக இருந்தது.

"யாரு வேணும்னாலும் வந்து உக்காருங்க" என்று வாய்விட்டே சொன்னேன்.

க்ரீச்...

கனமான ஆள் உட்கார்ந்தால் மரம் அப்படித்தான் முனகும்.

ஈரத்தில் மரம் சத்தம் போடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கல்யாணி ஆலாபனையைத் தொடங்கினேன். 3:12க்கு ஒரு ஸ்வரம் பிசகியது.

"ச்."

நாக்கைத் தட்டும் சத்தம். எரிச்சலில் தட்டுவது போல.

வில்லை நிறுத்தினேன்.

ஸ்ர்ர்ர்... சிமெண்டுத் தரையில் நாற்காலிக் கால்கள் இழுபட்டன.

நடு நாற்காலி ஒரு அடி முன்னால் வந்திருந்தது. அதில் யாரும் இல்லை.

எழுந்து ஓட நினைத்தேன். கதவு அந்தப் பக்கம். நாற்காலியைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்த யோசனையில் ஒரு நிமிடம் போயிருக்கும்.

ஸ்ர்ர்ர்...

இன்னொரு அடி.

பயத்தில் கை தானாக வாசிக்க ஆரம்பித்தது. நாற்காலி நின்றது. அப்போது புரிந்தது. பிசகினால் வரும். நிறுத்தினால் வரும். ஒழுங்காக வாசிக்கும்வரை வராது.

வாசித்தேன்.

3:31. ஒரு பிசகு. "ச்." ஒரு அடி.

3:44. வில் வழுக்கியது. "ச்." ஒரு அடி.

கண்ணை மூடவும் பயம்... திறக்கவும் பயம்.

4:02. கை உதறியது. வில் துள்ளியது.

டொக்.

நாற்காலி மேடையில் வந்து இடித்தது. என் முழங்காலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கை தூரம். நனைந்த கம்பளியின் நாற்றம்.

பிறகு... நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது நகருமே. அப்படி.

காலடிச் சத்தமே இல்லை.

நாற்றம் மட்டும் இருந்தது. என் கை நடுக்கம் நின்றுவிட்டது. முழங்கை காற்றில் மிதப்பது போல லேசானது. வில் நான் நினைத்த இடத்தில் போனது. போய்விட்டது, நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனாலும் நிறுத்தத் துணிவில்லை. 4:52க்கு மோனிஷா கதவைத் திறந்து உள்ளே வரும்வரை வாசித்தேன்.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் இனியும் அந்தத் தோட்டத்தில்தான் குடியிருந்தாக வேண்டும். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

ஆகஸ்ட் 17, பாலக்காடு. எதிரே முந்நூறு பேர். அவர்களைப் பார்த்தால் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. கை ஒரு இழைகூட நடுங்கவில்லை. முதல் பரிசு எனக்குத்தான்.

மோனிஷா அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருந்தாள். முடிந்ததும் வெளியே டீ குடித்துக்கொண்டு நின்றோம். மணி 6:20.

"அந்த மாஸ்டரு வரலையாடி?" என்று கேட்டாள்.

எந்த மாஸ்டர் என்றேன்.

"எங்க ஹாலுக்கு வந்தவருதான். கடைசி நாளு நான் நாலு மணிக்கே வந்துட்டேன். ஜன்னல் வழியாப் பாத்தா, உன் பின்னாடி குனிஞ்சு உக்காந்து முழங்கையப் பிடிச்சிருந்தாரு. பாடம் நடக்குதேன்னு உள்ள வரல."

"நான் தனியாத்தான் இருந்தேன் புள்ள."

அவள் சிரித்தாள். "வெளையாடாத. முக்கா மணி நேரம் பாத்துட்டு நின்னேன். உன் காதுல என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீயும் ஒவ்வொண்ணுக்கும் சரி சரின்னு தலையாட்டிக்கிட்டே இருந்த."

அவர் எப்போது போனார் என்று கேட்டேன்.

"நான் கதவத் தொறந்தப்ப அவரு உள்ள இல்லையே..." என்றவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். அந்த ஹாலுக்கு வேறு வாசல் இல்லை. அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. தலையாட்டிய நினைவும் இல்லை.

இப்போது எந்த மேடையிலும் என் கை நடுங்குவதில்லை. அன்று எதற்கெல்லாம் சரி சொன்னேன் என்பதுதான் தெரியவில்லை...