அஞ்சுகிராமத்தில் சுக்கிரன்

இன்று காலை பக்கத்து வீட்டு இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைத்தார்கள். அந்தக் கருகல் மணம் ஜன்னல் வழியாக வந்ததும் பல் தேய்ப்பதைப் பாதியில் விட்டு வெளியே ஓடினேன். வெல்டர் மாட்டியிருந்தது புதுமாதிரிக் கவசம். பொறி பறந்தால் கண்ணாடி தானே கறுத்துக்கொள்ளுமாம்.

"பழைய பதினாலாம் நம்பர் கறுப்புக் கண்ணாடி உண்டா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப ஆரு வச்சிருக்கா அண்ணாச்சி? மொதல்ல வாயக் கழுவிட்டு வாங்க."

வாய் நிறைய நுரையோடு நின்ற எனக்கு ததேயு நினைவுக்கு வந்தான். கூடவே ஒரு பிரெஞ்சுக்காரரும் வந்துவிட்டார்.

பிரெஞ்சுக்காரரை முதலில் சொல்லிவிடுகிறேன். சுக்கிரன் சில வேளை சூரியனுக்கு முன்னால் கறுப்புப் பொட்டாக நகர்ந்து போகும். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும். பிறகு நூறு ஆண்டுக்கு மேல் ஆளைக் காணாது. அந்தப் பொட்டு சூரியனின் விளிம்பைத் தொடும் நேரத்தை உலகின் பல மூலைகளிலிருந்து குறித்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டுவிடலாம். அதற்காகவே அந்தப் பிரெஞ்சு வானியலாளர் பாண்டிச்சேரிக்குக் கப்பலேறினார். வந்து சேருமுன் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். 1761 ஜூன் 6 அன்று அவர் இருந்தது நடுக்கடலில். பொட்டைப் பார்த்தார், ஆடும் கப்பலில் நேரத்தைச் சரியாகக் குறிக்க முடியவில்லை. மனிதர் ஊர் திரும்பாமல் அடுத்ததற்காக எட்டு ஆண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, பாண்டிச்சேரியில் ஒரே மேகம். எல்லாம் முடிந்த பிறகு பளீரென்று வெயில்! நாடு திரும்பினால், ஆள் செத்துப்போனதாக நினைத்து உறவினர்கள் சொத்தைப் பங்கு வைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

இதை நான் படித்தபோது தக்கலை பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் வேலைக்குச் சேர்ந்த புதிது. பஸ் வருவதையும் போவதையும் நிமிடச் சுத்தமாக எழுதுபவன். அந்த மனிதரின் வயிற்றெரிச்சல் என் வயிற்றிலும் எரிந்தது. 2004 ஜூன் 8, செவ்வாய்க்கிழமை, அவருடைய சுக்கிரன் மறுபடி வருகிறது என்று தெரிந்ததும் வாரக்கணக்கில் தூக்கமில்லை. அன்று தக்கலையில் காலை முதல் மாலை வரை இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை. நான் பார்த்தது குடைகளை மட்டும்.

துபாயில் வெல்டராக இருந்த என் கூட்டாளி ததேயுவுக்கு முந்தின நாளே பூத்திலிருந்து போன் செய்து சொல்லியிருந்தேன். குளச்சல்காரன். எட்டாம் தேதி இரவு மறுபடி கூப்பிட்டேன்.

"கண்டேன் மக்கா," என்றான். "கண்ணாடில ஈ இருக்குன்னு ரெண்டு மட்டம் தொடச்சேன். போகல்ல. செரி, இருந்துட்டுப் போட்டுன்னு சோலியப் பாத்தேன்."

பொறாமையில் போனை வைத்துவிட்டேன்.

எட்டு ஆண்டு. 2012 ஜூன் 6, புதன்கிழமை. பத்து மணி கழிந்து சில நிமிடங்களில் பொட்டு விளிம்பைத் தொட்டு விலகத் தொடங்கிவிடும். விடியும்போதே மழை. அதற்குள் ததேயு ஊர் திரும்பித் தக்கலையில் பட்டறை போட்டிருந்தான். அவன் ஷட்டருக்குக் கீழே ஒதுங்கி நின்று, "எனக்கும் பாண்டிச்சேரிதான்," என்றேன்.

"ஏலே, மழ தக்கலைக்கில்லா? அஞ்சுகிராமத்துக்கு ஏது எடவப்பாதி? ஒனக்க வெள்ளக்காரனுக்குச் சொல்ல ஆளில்ல. ஏறு வண்டியில."

இந்தப் பக்கம் கொட்டினால் அந்தப் பக்கம் புழுதி பறக்கும் என்பது மாவட்டத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். புத்தகத்தில் கிடந்த எனக்கு உறைக்கவில்லை! நாகர்கோவில் வரை நனைந்தோம். சுசீந்திரத்தில் தூறல். மயிலாடி தாண்டியதும் ரோடு காய்ந்து கிடந்தது. நான் பின்னால் இருந்து கத்தியதில் ததேயு வண்டியைப் பள்ளத்தில் விடப் பார்த்தான்.

அஞ்சுகிராமத்தில் ஒரு டீக்கடை ஓரம் நின்றோம். மேகம் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடைக்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"சூரியன்ல என்னய்யா தேடுதிய?"

"சுக்கிரன்," என்றான் ததேயு.

"அப்ப எனக்குத்தான் மொதல்ல காட்டணும். இருவது வருசமா அடுப்புல வேகுதேன், ஒரு சுக்கிரனும் அடிக்கல."

பத்தாகப் போகும்போது மேகம் கிழிந்தது. சூரியனையே பார்த்தாலும் கண் கூசாத தன் பதினாலாம் நம்பர் வெல்டிங் கண்ணாடியை ததேயு அம்மாவிடம் நீட்டினான். அம்மா பார்த்து, "மொளகு!" என்றார். ததேயு பார்த்தான். "கடல்ல எனக்க அப்பனுக்கு வழி காட்டுன விடிவெள்ளியா இது? அன்னைக்கு ஈயின்னு தொடச்சிட்டேனே," என்று ஓய்ந்துபோனான்.

நான் கண்ணாடியை வாங்கினேன். சூரியனின் ஓரத்தில் உருண்டையாக ஒரு கறுப்பு மணி. ரேடியோ மணி வைத்துத் திருத்திய கடிகாரம் கையில். நோட்டில் கோடு போட்ட கட்டம் தயார். மணி நகர்ந்து நகர்ந்து விளிம்பைத் தொட்டது. தொட்டேவிட்டது! நான் என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. மேகம் மூடியபோது தொண்டை கட்டியிருந்தது.

"மணி எத்தர?" என்றான் ததேயு.

நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

"வெளங்காதவனே! பஸ்ஸு போற மணியெல்லாம் எழுதுவ, சுக்கிரன் போன மணிய விட்டுட்டியா? செரி, பத்து அஞ்சுன்னு போடு. ஆரு கேக்கப் போறா?"

பேனாவைத் திறந்தேன். கப்பலில் நின்றவர் நினைவுக்கு வந்தார். மூடிவிட்டேன்.

அந்தப் பட்டறை இன்று இல்லை. ரோட்டை அகலப்படுத்தியதில் போயிற்று. பூத்தும் போயிற்று. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. ததேயு மகளோடு மஸ்கட்டில். கண்ணாடியை எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

வாயைக் கழுவிவிட்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன். முப்பது ஆண்டு நோட்டுகளில் வெறுமையாக இருக்கும் ஒரே கட்டம் அது. அதன் கீழே அன்றே ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "அடுத்தது 2117 டிசம்பர் 11, காலை. அது வாடைமழைக் காலம், கிழக்கேதான் கொட்டும். அஞ்சுகிராமத்தை நம்ப வேண்டாம்."