ஒரு சிரமமும் இல்லை என்றேன்

கேரளத்தில் இருக்கும் எங்கள் பஞ்சாயத்தில் தமிழ் வீடுகள் அதிகம் இருந்தது ஒரே ஒரு வார்டில்தான். அதனால் பஞ்சாயத்துக் கூட்டத்தில் எங்கள் மொழியில் யோசிக்கிற ஒரு உறுப்பினராவது எப்போதும் இருந்தார். சமீபத்தில் வார்டு எல்லைகளை மாற்றியபோது அந்த வீடுகளை மூன்று வார்டுகளாகப் பிரித்தார்கள். ஆட்சேபணை சொல்ல ஒரு நாளும் கொடுத்தார்கள்.

மனுவில் கையெழுத்து வாங்கியவள் எங்கள் தெருவில் இருக்கும் ரப்பர் வெட்டுகிற பெண். காலையில் ரப்பர் பால் எடுத்து ஊற்றிவிட்டு, மத்தியானம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். மலையாளம் பேசுவாள், படிக்க வராது. மனுவை என்னிடம் தந்தாள்.

"எனக்கு ஆபீசர் முன்னால நாக்கு எழும்பாது சாறே. நீங்களாக்கும் பேசணும்."

நான் மலையாளப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன்; இங்கே வாத்தியாரை 'சாறு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒப்புக்கொண்டேன்.

விசாரணை நாளில் அவளும் கூட வந்து எனக்குப் பின்னால் நின்றாள். நன்றாகவே தொடங்கினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மலையாளத்தில் உங்களுக்கு ஏதாவது சிரமம் உண்டா?" என்றார்.

"ஒரு சிரமமும் இல்லை" என்றேன், சுத்தமான மலையாளத்தில்.

"என்னைவிட நன்றாகப் பேசுகிறீர்களே!" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

"அப்புறம் தமிழுக்கென்று தனியாக ஒரு வார்டு எதற்கு?"

கேள்வி எனக்கில்லை, மலையாளம் படிக்க வராத இவளைக் கேளுங்கள் என்று பின்னால் நின்றவளைக் காட்டியிருக்க வேண்டும். நான் திரும்பவில்லை. கிடைத்த பாராட்டைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் அவள், "சாறு நல்லா பேசினிய" என்றாள். குத்தலே இல்லை. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

புதிய எல்லை அப்படியே நின்றது. தேர்தலில் மூன்று வார்டிலும் வந்தவர்கள் நல்லவர்கள்தான். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. கிராமசபையில் வீடு பழுதுபார்க்கும் உதவியைப் பற்றிய அறிவிப்பை மலையாளத்தில் மட்டும் ஒட்டினார்கள். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். விண்ணப்பிக்கும் கடைசி நாள் தாண்டிய பிறகுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

அவள் வீட்டுக்குப் போய், "அண்ணைக்கு உன்னப் பேச வச்சிருக்கணும் மக்கா. தப்பு எனக்கதாக்கும்" என்றேன்.

"ஒரு தடவ திரும்பிப் பாப்பியன்னு நெனச்சேன் சாறே" என்றாள்.