வெள்ளைப் பட்டும் வேப்பெண்ணெயும்

ஆரணியில் வேப்பெண்ணெய்க்குப் புத்தி சொல்லித் திருத்திய ஒரே பெண்மணி பிரமிளா. இதில் மிகை ஏதுமில்லை; அவர் கணவர் ஹேமசந்திரனைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

செய்யாறு தொழிற்பேட்டையில் சோப்புக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கைவெடிப்புக்குக் களிம்பு செய்யச் சமையலறையில் இறங்கினார் பிரமிளா. முதலில் வேப்பெண்ணெய் நாற்றத்தை மல்லிகையால் மறைக்கப் பார்த்தார். சாக்கடையோரம் பூக்கடை வைத்ததுபோல் ஆயிற்று. பிறகு எண்ணெய்க்குள் நீராவியைச் செலுத்தி நாற்றத்தை வெளியேற்றினார். அது தெருவில் குடியேறியது. தெரு பெருந்தன்மையுடன் இடம் கொடுத்தது. களிம்பு இறுகத் தேன்மெழுகு சேர்க்கச் சொன்னார்கள். தேனே நுழையாத சமண வீட்டில் மெழுகு மட்டும் எப்படி நுழையும்? தவிட்டெண்ணெய் மெழுகைச் சேர்த்தார்.

கடைசியாக, எண்ணெயையும் தண்ணீரையும் மிக்ஸியில் அடித்து அடித்துத் துளிகளைப் பொடியாக்கினார். தடவியதும் தோல் குடித்துவிட வேண்டும், மேலே பிசுக்கு நிற்கக் கூடாது. மற்ற ஊர்களில் இது அழகுப் பிரச்சினை. பட்டுத்தறிகள் நிறைந்த ஆரணியில் பட்டுப் பிரச்சினை.

அடுத்த தெரு இன்னாசியம்மாள், மகள் டயானாவின் கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டுச் சேலையைத் தானே நெய்துகொண்டிருந்தார். வெடித்த விரல்கள் இழையைப் பிடித்து இழுத்தன. எண்ணெய் தடவினால் வெள்ளையில் கறை. தடவாவிட்டால் இழை அறும். கல்யாணமோ நெருங்கிவிட்டது.

பிரமிளா கொண்டுபோன களிம்பை இன்னாசியம்மாள் மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, வாசனையே இல்ல?"

"அதுக்குத்தாங்க்கா இத்தினி நாளா பேஜாருபட்டேன்."

"நாறாத வேப்பெண்ண வேல செய்யுமா? யார ஏமாத்திகினு கீற?"

வீடு திரும்பிய பிரமிளா, பச்சை வேப்பெண்ணெயில் ஒரே ஒரு சொட்டைக் களிம்பில் திரும்பச் சேர்த்தார். விஞ்ஞானம் பின்வாங்கிய இடம் இது என்பார்கள். முன்னேறிய இடம் என்பதே என் கட்சி.

"இப்பத்தான் மருந்து" என்று தடவிக்கொண்ட இன்னாசியம்மாள், தறியைத் தொடவில்லை. சற்றுப் பொறுத்து, கழிவுப் பட்டுநூலை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் கசக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. இன்னாசியம்மாள் தறிக்குழியில் இறங்கினார்.

கல்யாணத்தன்று சர்ச்சில், டயானாவின் முந்தானைக்குப் பின்னாலேயே குனிந்து குனிந்து நடந்தார் பிரமிளா. பாசம் என்று ஊர் நினைத்தது.

"இன்னா தேடுற, கறையா?" என்றார் இன்னாசியம்மாள். "நேத்தே முழம் முழமா பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. நிமுந்து நடம்மா, இந்தச் சேலையில உன் கையும் கீது."

கல்யாண போட்டோவில் மணமகளைவிட நிமிர்ந்து நிற்பவர் பிரமிளாதான். பக்கத்தில் ஹேமசந்திரன், மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு.