கலீல் காக்காவின் ரூம் ஓட்டு

துபாயில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. யாராவது மௌத்தாகிவிட்டால் அடக்கத்துக்கு ஓடுவதும், ஊர்ப் பள்ளிவாசலுக்கு மின்விசிறி அனுப்புவதும்தான் அதன் வேலை. இந்த வேலைக்கு எங்களுக்கு இரண்டு கட்சி வேண்டியிருந்தது. தேரா கடைத்தெரு முதலாளிகள் எல்லாம் தேராக் கட்சி. குடோனிலும் ஒர்க்‌ஷாப்பிலும் முதுகு ஒடிந்து அல் கூஸ் கேம்புகளில் படுக்கிற நாங்கள் அல் கூஸ் கட்சி. தொண்ணூற்றைந்தில் சங்கத் தலைவர் தேர்தல் வந்தபோது, நாட்டையே ஆளப்போகிறவர்கள் மாதிரி ஆட்டம் போட்டோம்.

கலீலுர் ரஹ்மான் எங்கள் ரூமுக்குப் பெரியவர், எல்லாருக்கும் அண்ணன் முறையில் கலீல் காக்கா. பிளாஸ்டிக் சாமான் குடோனில் லோடு ஏற்றி இறக்குகிற வேலை. அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் யார் எப்போது குளிப்பது, கறிக்கு எவ்வளவு மிளகாய் என்பதெல்லாம் அவர் வைத்த சட்டம்தான். அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு எப்போதும் எரிச்சல். அவர் மேல் எரிச்சல் வந்ததில்லை.

தன் மகன் நுஃமானையும் அதே குடோன் விசாவில் கூட்டி வந்திருந்தார். பையனுக்கு லோடு வேலை பிடிக்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் ஷார்ஜாவில் ஒரு ஏசி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டான். குடோனை நடத்துகிறவர் நைனா முகம்மது ஹாஜியார், எங்கள் ஊர்க்காரர். விசாவுக்குப் பொறுப்பான கஃபீலாகப் பேருக்குத்தான் ஒரு அரபி இருந்தார். ஹாஜியார் காட்டிய இடத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். பையன் ஓடிவிட்டான் என்று ஹாஜியார் புகார் கொடுக்க, போலீஸ் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. புகாரை ஹாஜியார் வாபஸ் வாங்கினால் பையன் வெளியே வருவான். வாங்காவிட்டால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள், பிறகு இந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது.

எங்கள் கட்சி நிறுத்தியது முகம்மது சித்தீக்கை. ஒரு டிராவல்ஸில் கிளார்க். வெள்ளிக்கிழமைதோறும் கேம்ப் கேம்பாக வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்.

"நான் தலைவரானா முத வேலை நுஃமான் கேசுதான் காக்கா. நம்ம ஊருப் பெரிய மனுசங்க அத்தன பேரையும் கூட்டிக்கிட்டு ஹாஜியார் வூட்டுல போயி உக்காந்துருவேன். வாபஸ் வாங்காம எந்திரிக்க மாட்டேன்" என்றார்.

கலீல் காக்கா எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார்.

எங்கள் தேர்தலில் ஆளாளுக்கு ஓட்டு கிடையாது. ரூமுக்கு ஒரு பெரியவர் கை தூக்குவார். ரூமில் உள்ள தலைகள் எல்லாம் அந்த ஒரு கையில் அடக்கம். அதற்கு முன்பே கட்சிப் பெரியவரின் கையைப் பிடித்து, நபியின் மேல் ஸலவாத்து ஓதி வாக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்ததை மாற்றினால் ஊரில் பெண் கொடுக்கல் எடுக்கல்கூட நின்றுபோகும். காக்காவும் அப்படித்தான் எங்கள் ரூமைக் கொடுத்தார். அல் கூஸ் கட்சிக்கு என்று சொன்னார். சித்தீக்கின் பெயரைச் சொல்லவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

தேராக் கட்சி நகைக்கடை கௌஸ் முகம்மதுவை நிறுத்தியதும் எங்கள் பெரியவர்கள் பயந்துவிட்டார்கள். முதலாளியை எதிர்க்க முதலாளிதான் வேண்டுமாம். பிரச்சாரம் பாதியில் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டார்கள். ஊர் ஒற்றுமைக்காக விலகிக்கொள்கிறேன் என்று சித்தீக் சுவரைப் பார்த்துச் சொன்னார். புது வேட்பாளர் நைனா முகம்மது ஹாஜியார் என்றார்கள். கை தட்டினார்கள்.

ரூமுக்கு வந்ததும் ஒரே பேச்சு. "ஹாஜியார்னா சங்கத்துக்குச் சொந்த ஆபீசு வந்துரும்" என்றான் ஒருத்தன். "கிளார்க்க நிறுத்தித் தோக்குறதுக்கு இது தேவல" என்றான் இன்னொருத்தன். போன வாரம் வரை இவர்கள்தான் சித்தீக்கைத் தோளில் தூக்காத குறை. எனக்கு வாயில் நல்ல வார்த்தையே வரவில்லை. காக்கா கட்டிலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தீக்கைத் தேடி நாங்கள் இருவரும் தேராவுக்குப் போனோம். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. "என் விசாவும் ஒரு மொதலாளி கையிலதான காக்கா இருக்கு" என்றார். அவரைத் திட்டவேண்டும் என்று போன எனக்குத் திட்டு மறந்துபோனது.

அடுத்து காக்கா ஹாஜியாரிடமே போனார். ஹாஜியார் டீ வரவழைத்தார். "எலக்சன் முடியட்டும் கலீலு. இப்ப வாபஸ் வாங்கினா, ஓட்டுக்காக வாங்கினாண்டு சொல்லுவானுவ. எனக்கு மட்டும் உன் மவன் மேல பாசம் இல்லையா?"

காக்கா அதை நம்பினார். நம்பாமல் வேறு என்ன செய்வார்? தேராக் கட்சிக்கு மாறிவிடலாம் என்று நான் கெஞ்சினேன்.

"ஸலவாத்து ஓதிக் குடுத்தது தம்பி. அத மாத்துனா அல்லா எம்மவன எப்படி வெளிய விடுவான்?" என்றார்.

தேர்தலன்று காக்கா கை தூக்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தலை தூக்க முடியவில்லை. என் ஓட்டும் அந்தக் கையில்தான் இருந்தது. ஹாஜியார் அமோகமாக ஜெயித்தார். பிரியாணி போட்டார்கள். நல்ல பிரியாணி, அதையும் சாப்பிட்டோம்.

மறுவாரம் காக்கா போனபோது டீ வரவில்லை.

"நான் இப்ப தலைவரு கலீலு. எங்குடோன்ல ஓடிப்போனவனுக்கு நானே சலுக காட்டினா, நாளக்கி ஆளாளுக்கு வந்து நிப்பானுவ. பதவிக்கு ஒரு மரியாத இருக்கில்ல" என்றார் ஹாஜியார்.

நுஃமானை ஏற்றிவிட்டார்கள். அவனுக்கு நாங்களே எடுத்த டிக்கெட்டை ஜெயில் கவுண்டரில் கொடுத்தபோது, மகனை ஒருமுறை பார்க்க முடியுமா என்று காக்கா தனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டார். உள்ளே இருந்தவன் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, "மாஃபி", முடியாது, என்று ஜன்னலைச் சாத்தினான்.

இருவரும் பஸ்ஸில் திரும்பினோம். மறுநாள் காக்காவுக்கு டூட்டி இருந்தது, அதே குடோனில். அல் கூஸ் வந்து இறங்கும்போது சொன்னார்.

"அவரு வெறும் மொதலாளியா இருந்தப்ப, சங்கத்துல போயி அழலாம்ங்குற வழி ஒண்ணு இருந்துச்சு தம்பி. அதையும் நாந்தான் கையத் தூக்கி அடச்சுட்டேன்."