பெயர் எழுதாத ஜெபச் சீட்டு

துடியலூரில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியில் நான் சயின்ஸ் டீச்சர். இன்று பள்ளி விட்டதும் நேராக இந்த பிரௌசிங் சென்டருக்கு வந்துவிட்டேன். இந்த இணையக் குழுவில் யாரிடமாவது சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் பெட்டியில் போடும் ஜெபச் சீட்டுகளை வெள்ளிக்கிழமை அசெம்பிளியில் சிஸ்டர் வாசிப்பார். அப்பாவின் காய்ச்சல், அரையாண்டுப் பரீட்சை எல்லாம் முடிந்து, இன்று கடைசியாக ஒன்று வந்தது.

"ஆண்டவரே, எங்க மிஸ் தினமும் தனியாச் சாப்பிடறாங்க. அவங்களுக்கு ஒரு ஃப்ரெண்டக் குடுங்க."

பள்ளியே கண்மூடி ஆமென் சொன்னது. நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். சத்தியமங்கலத்திலிருந்து இங்கு வந்து மூன்று வருடமாக லேபில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, பக்கத்து லைப்ரரியிலிருந்து தமிழ் டீச்சர் வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏனுங்க டீச்சர், காலைல சிஸ்டர் படிச்சது என்னையத்தானுங்களே? எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுங்களா?"

"இல்லீங்க, அது நானுங்க" என்றேன்.

இருவரும் சிரித்துவிட்டோம். அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மூன்று வருடமாக ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

குழுவில் உள்ள டீச்சர்களே, நீங்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள்?