அண்ணனிடம் யார் சொல்வது?

உலு திராமில் நான் வழக்கமாகப் பசியாறும் கடை ஜமால் பாயுடையது. கூரைக்குக் கீழே யார் சிகரெட் பற்றவைத்தாலும் எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார். லோரி ஓட்டுநர்கள், தொழிற்சாலைப் பையன்கள், ஒருமுறை டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர்... யாருக்கும் சலுகை இல்லை. சட்டம் அப்படி – சாப்பாட்டுக் கடையிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிப் போய்த்தான் புகைக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதரே தடுமாறிவிட்டார்.

ஆயர் ஈத்தாமில் மகள் வீட்டில் இருக்கும் அவருடைய அண்ணன் ஹனிபா வந்திருந்தார். கடையை ஆரம்பித்ததே அவர்தான். கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். நுரை ததும்பும் தே தாரிக் டீ வந்தது. பழைய பழக்கத்தில் சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டார்.

அடுத்த மேசையில் ஓர் இளம்பெண், மடியில் கைக்குழந்தை. துப்பட்டாவால் குழந்தையின் மூக்கை மறைத்துக்கொண்டு ஜமால் பாயைப் பார்த்தாள்.

அவர் என்னிடம் குனிந்து, நீங்கள் சொல்லிவிடுங்களேன் என்றார். அவருடைய அண்ணனிடம் நான் எப்படிச் சொல்வது? ஐம்பதைத் தாண்டியும் அண்ணன் முன்னால் உட்காராத மனிதர் ஜமால் பாய். அவரும் புகைப்பவர்தான் – அது அண்ணனுக்குத் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை.

கடைசியில் அவரே போனார்.

"அண்ணே... வாங்க, வெளிய போய் சிகரெட் பிடிப்போம்."

ஹனிபா நிமிர்ந்து பார்த்தார். "பிடிப்போமா? நீயுமா?"

ஜமால் பாய் தலையைக் குனிந்துகொண்டார். "சட்டம் வந்துருச்சுண்ணே. பிள்ளை வேற இருக்கு."

நான் ஆரம்பித்த கடையிலிருந்து என்னையே எழுப்புகிறானே என்று ஹனிபா நினைத்துவிட்டால்?

ஹனிபா குழந்தையைப் பார்த்தார். எழுந்தார். இருவரும் ரோட்டோர மரத்தடிக்கு நடந்தார்கள். அங்கே போனதும் அண்ணன் சிகரெட் பெட்டியை நீட்டினாராம்.

"எடுத்துக்கடா. சின்ன வயசுல கிராம்பு மென்னுக்கிட்டு வீட்டுக்கு வருவியே, அப்பவே எனக்குத் தெரியும்."

ஜமால் பாய் ஒன்றை எடுத்தார். பற்றவைக்கத்தான் கை வரவில்லையாம்.

இந்த வாரம் விசாரித்தேன். அண்ணன் இன்னும் இங்கேதான் தங்கியிருக்கிறார். தம்பி எப்போது வெளியே கிளம்பினாலும், இரு, நானும் வருகிறேன் என்று கூடவே எழுந்துவிடுகிறாராம்.

"அவரு பக்கத்துல நின்னா மனசு வரமாட்டேங்குது லா. பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு," என்றார் ஜமால் பாய். தம்பி சும்மா நிற்கும்போது தான் மட்டும் ஊத அண்ணனுக்கும் பிடிக்கவில்லையாம்.

சட்டம் புகையைக் கடைக்கு வெளியே தள்ளும், அவ்வளவுதான். மிச்சத்தை அண்ணன் தம்பிகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்!