காலடியில் சுற்றிய ஃபேன்

எங்கள் மேல்பட்டாம்பாக்கம் தெருவில் ஒரு வருஷம் டைல்ஸ் ஆசை அம்மை மாதிரி வீடு வீடாகப் பரவியது. சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்த அப்பாவுக்குக் கடைசியாகத்தான் தொற்றியது. அவருடைய தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடம் தட்டிப்போயிற்று. எங்கள் பழைய சிவப்புத் தரைதான் காரணம் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

பெண் பார்க்க வந்தால் பெண் தலை நிமிரக் கூடாது என்பதும் அப்பாவின் சட்டம். "பையன் எப்படி?" என்று அம்மா கேட்டால், "நான் எங்க பாத்தேன் அண்ணி? அவுங்க காலு ரெண்டுந்தான் தெரிஞ்சுது" என்பாள் அத்தை.

கடலூர் கடையில் அப்பா சொரசொரப்பான டைல்ஸைத் தடவிக்கொண்டிருந்தார். எதையும் கேட்டுப் பழகாத அத்தை பளபளக்கும் வெள்ளைக்கு முன்னால் நின்றுவிட்டாள். நாலு டைல்ஸைக் கீழே பரப்பச் சொல்லி, என்னை அந்தப் பக்கம் நிறுத்தி, குனிந்த தலையோடு "சிரி பாப்பா" என்றாள். சிரித்தேன். "இப்ப மொறை." முறைத்தேன். "இதுதாண்ணா வேணும்" என்றாள். வெலை ஜாஸ்தி என்று அப்பா முனகியும் அவள் நகரவில்லை.

பழைய தரையை உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டினார்கள். தரை உயர்ந்து கதவெல்லாம் மாட்டிக்கொள்ள, ஆசாரி வந்து அடிப்பக்கத்தை இழைத்துக் கொடுத்தார். அதெல்லாம் எனக்கு எதற்கு? என் காலடியில் ஒரு ஃபேன் சுற்றியது! மிதித்தால் உள்ளே விழுந்துவிடுவேனோ என்று சுவரோரமாகவே நடந்தேன். இப்படி ஓர் அதிசயம் எங்கள் வீட்டிலா என்று குனிந்து குனிந்து பார்த்தேன்.

சிதம்பரத்திலிருந்து மூன்றாவது வரன் வந்தது. நல்ல வேலை, நல்ல இடம். அப்பாவின் குரலே குழைந்துபோனது. அத்தை காப்பி கொடுத்துவிட்டு எதிரே பாயில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கை தவறிக் காப்பி தரையில் சிந்திவிட்டது.

"பரவால்லைங்க, தொடச்சிக்கலாம்" என்று அம்மா துணி எடுக்க ஓடினாள். எல்லோரும் காப்பியைப் பார்த்தார்கள். தரைக்குள் மாப்பிள்ளையின் முகம் தன் அம்மாவை முறைத்தது. கடையில் நான் முறைத்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அதற்குப் பிறகு தொடவேயில்லை. மறு நொடி மாப்பிள்ளை சிரித்த முகமாக இருந்தார்.

அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுப் போனதும் அத்தை, "எனக்கு வேணாண்ணா" என்றாள்.

"தலையவே நிமிரல, அதுக்குள்ள என்னத்தக் கண்டுட்ட?" என்று அப்பா கத்தினார். அத்தை மனதை மாற்றிக்கொள்ளவில்லை. அப்பா பத்து நாள் அவளோடு பேசவில்லை.

எனக்கும் அவள் மேல் கோபம்தான். புது டைல்ஸில் காப்பி சிந்தியதற்காகப் பெற்ற அம்மாவையே அப்படி முறைத்தவர். எங்கள் தரை மேல் இவ்வளவு பாசம் வைத்த மனிதரை இவள் எதற்கு வேண்டாம் என்கிறாள்?